ஒரு வருட ரீசார்ஜ் லாபமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஐந்து சிம். ஐந்துக்கும் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்து ஏழெட்டு வருடமாகிறது. இதைத் தெரிந்துகொண்ட உறவினர்களும் எதிர்வீட்டுக்காரரும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "மாதாமாதம் இந்தத் தொல்லை எதற்கு, ஒரே அடியாக ஒரு வருடத்துக்குப் போட்டுவிடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

டேட்டாவுடன் வரும் திட்டங்களுக்கு 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட விலையையும், பேசுவதற்கு மட்டுமான திட்டங்களுக்கு 2025 ஜனவரி விலையையும் எடுத்திருக்கிறேன். நீங்கள் படிக்கும் நாளில் விலை வேறாக இருந்தால் புது எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு அதேதான்.

வருடத் திட்டம் உண்மையிலேயே மலிவா?

கடையில் காட்டும் கணக்குப்படி மலிவுதான். ஜியோவில் தினம் 2 ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய். வருடத்துக்கு 13 முறை போட வேண்டும், 4,537 ரூபாய் ஆகிறது. 365 நாள் திட்டமோ 3,599 ரூபாய், அதிலும் தினம் 2.5 ஜி.பி. ஆக 938 ரூபாய் மிச்சம்.

கணக்கில் பிழை இல்லை. ஒப்பிட எடுத்த திட்டம்தான் தவறு. எல்லாவற்றிலும் விலை கூடிய 28 நாள் திட்டத்தை எதிரில் நிறுத்தினால் எதுவும் மலிவாகத்தான் தெரியும்.

பிறகு எதோடு ஒப்பிடுவது?

84 நாள் திட்டத்தோடு. ஒரு நாளைக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்.

ஜியோவின் 2 ஜி.பி. திட்டம் 84 நாளுக்கு 859 ரூபாய். நாளொன்றுக்கு 10 ரூபாய் 23 பைசா. 28 நாள் திட்டத்தில் இது 12 ரூபாய் 46 பைசா. வருடத் திட்டத்தில் 9 ரூபாய் 86 பைசா. அதாவது பெரிய இறக்கம் 28 நாளிலிருந்து 84 நாளுக்குப் போகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வருடத்துக்குத் தாவினால் கிடைப்பது நாளுக்கு 37 பைசா, வருடம் முழுவதும் சேர்த்தால் சுமார் 134 ரூபாய்.

இதே கணக்கை ஏர்டெல்லில் போட்டால் வேறு விடை வருகிறது. அங்கும் வருடத் திட்டம் 3,599 ரூபாய்தான், தினம் 2 ஜி.பி. ஆனால் அங்கே 84 நாள் 2 ஜி.பி. திட்டம் 979 ரூபாய். நாளுக்கு 11 ரூபாய் 65 பைசா. இதன்படி வருடத்துக்கு ஏறத்தாழ 655 ரூபாய் மிச்சமாகிறது.

ஒரே விலை போட்ட இரண்டு வருடத் திட்டங்கள். ஒன்றில் மிச்சம் 134, இன்னொன்றில் 655. "வருடத் திட்டம் நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் நான் பதில் சொல்லத் திணறுவது இதனால்தான். உங்கள் நிறுவனத்தின் 84 நாள் விலையைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

மொத்தமாகக் கட்டும் பணத்துக்கு வட்டி என்று ஒன்று இருக்கிறதே?

கேட்பவர் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. மேலே சொன்ன 134 ரூபாய் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வருடத் திட்டம் போட்டவர் முதல் நாளே 3,599 ரூபாய் கட்டுகிறார். 84 நாள்காரர் 859 மட்டும் கட்டுகிறார். முதல் 84 நாளுக்கு அவர் கையில் 2,740 ரூபாய் கூடுதலாக இருக்கிறது, அடுத்த 84 நாளுக்கு 1,881, பிறகு 1,022, கடைசியில் 163. இதையெல்லாம் கூட்டிச் சராசரி பார்த்தால், ஏறக்குறைய 1,336 ரூபாயை ஒரு வருடம் முழுக்க முன்பணமாகக் கொடுத்து வைத்ததற்குச் சமம்.

அந்தப் பணம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்திருந்தால் முப்பது நாற்பது ரூபாய் வட்டி வந்திருக்கும். அதைக் கழித்தாலும் நூறு ரூபாய் லாபம் நிற்கும், சரி. ஆனால் கைமாற்றாக இரண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டால் வட்டியே 320 ரூபாய். மாதம் மூன்றரை சதவீதம் போடும் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு வருடம் முழுக்க இழுத்தடித்தால் 560 ரூபாய். 134 ரூபாய் மிச்சம் பிடிக்க 560 ரூபாய் வட்டி.

கையில் உபரியாகப் பணம் இருப்பவருக்குத்தான் வருடத் திட்டம். சம்பளம் வந்த வாரத்திலேயே கரைந்துபோகும் வீட்டில் 3,599 ரூபாய் என்பது ஒரு சிலிண்டர், பால் கணக்கு, பள்ளி வேன் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகை. அந்த வீட்டுக்கு 84 நாள் திட்டமே போதும். அதற்காக யாரும் வருந்தத் தேவையில்லை.

ஏன் 28 நாள்? மாதம் என்றால் 30 நாள்தானே?

நான்கு வாரம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பன்னிரண்டு முறை வாங்க வேண்டிய பணத்தைப் பதின்மூன்று முறை வாங்கலாம் என்பது நமக்குத் தெரியும் காரணம்.

பணத்தைவிட எனக்கு எரிச்சலூட்டியது தேதி நழுவுவது. என் அம்மா சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில், ரீசார்ஜ் போட வேண்டிய தாளின் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். ஜனவரி 5ஆம் தேதி போட்டால் அடுத்தது பிப்ரவரி 2. பிறகு மார்ச் 2. அதன்பின் மார்ச் 30, ஏப்ரல் 27, மே 25. சம்பளம் வந்ததும் செய்த செலவு, நான்கே மாதத்தில் மாதக் கடைசியில் வந்து நிற்கும். பர்ஸ் காலியாக இருக்கும் நாள் பார்த்து போனும் ஊமையாகும்.

இந்தப் புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டமும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டமும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை இருக்கின்றன. செயலியில் கொஞ்சம் கீழே தேட வேண்டும், அவ்வளவுதான்.

வருடத் திட்டம் என்றால் 365 நாள்தானே?

எப்போதும் அல்ல. 336 நாள் திட்டங்களும் "வருடம்" என்ற பேச்சோடு விற்கப்படுகின்றன. 336 என்பது பன்னிரண்டு இருபத்தெட்டு. 29 நாள் குறைவு, அதாவது இன்னொரு ரீசார்ஜ் காத்திருக்கிறது. விலையைப் படிக்கும் முன் நாளைப் படியுங்கள்.

விலை ஏறினால் வருடத் திட்டக்காரர் தப்பித்துவிடுவாரா?

தப்பித்துவிடுவார். இந்த வாதத்துக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு இத்தனை நாளுக்கு என்று விற்ற திட்டத்தை, அந்தக் காலம் முடியும் வரை அதே பலன்களோடு தர வேண்டும் என்பது டிராய் விதி. நடுவில் ஊரெல்லாம் விலை ஏறினாலும் உங்கள் திட்டம் அசையாது.

2021 நவம்பர் கடைசியில் ஏர்டெல்லின் வருடத் திட்டம் 2,498 ரூபாயிலிருந்து 2,999 ஆனது. டிசம்பர் 1 அன்று ஜியோவில் 2,399 ரூபாய் 2,879 ஆனது. 2024 ஜூலையில் இரண்டிலும் 2,999 ரூபாய் 3,599 ஆனது. 2024 மே மாதம் யதேச்சையாக வருடத்துக்குப் போட்டவர், கூடுதலாக 600 ரூபாய் கொடுக்கும் நாளைப் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டார். 37 பைசா கணக்கெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய உயர்வுகள் வந்தது 2019 டிசம்பர், 2021 நவம்பர் கடைசி, 2024 ஜூலை. வருடா வருடம் வரவில்லை. அதோடு, எந்த உயர்வும் நள்ளிரவில் சொல்லாமல் வரவில்லை. 2024இல் ஜியோ ஜூன் 27 அன்று அறிவித்தது, விலை ஏறியது ஜூலை 3. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் மறுநாளே அறிவித்துப் பின்தொடர்ந்தன. 2021இலும் அறிவிப்புக்கும் உயர்வுக்கும் நடுவே சில நாள் இருந்தது.

எனவே என் வழி இது: வழக்கமாக 84 நாள் திட்டம். உயர்வு அறிவிப்பைச் செய்தியில் பார்த்த அன்றே வருடத் திட்டம். இருக்கிற வேலிடிட்டி முடியும் முன் போட்டால் புதிய திட்டம் வரிசையில் நின்று பிறகு தொடங்கும் வசதி பல திட்டங்களில் உண்டு. எல்லாவற்றிலும் இல்லை. பணம் கட்டும் முன் அது வரிசையில் நிற்குமா, உடனே தொடங்கிவிடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இந்த வழியை நம்ப வேண்டாம், பேசாமல் வருடத் திட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீதிப் பணம் திரும்புமா?

திரும்பாது. எண் உங்களோடு வரும், மீதமுள்ள வேலிடிட்டியும் பேலன்ஸும் அங்கேயே போய்விடும். மூன்றாம் மாதத்தில் மாறினால் ஒன்பது மாதப் பணம் போயிற்று.

அதனால் புது நிறுவனத்துக்குப் போர்ட் செய்த கையோடு வருடத் திட்டம் போடுவதைப் போன்ற அவசரம் வேறில்லை. விற்பவர் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருப்பார், அங்கே சிக்னல் முழுதாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது உங்கள் படுக்கையறையில் இரவு ஒன்பது மணிக்கு. எங்கள் வீட்டில் மொட்டைமாடியில் நான்கு கோடு காட்டும் சிம், அடுப்படியில் ஒரு கோடு காட்டும். குக்கர் விசில் அடிக்கும்போது யார் அழைத்தாலும் "ஹலோ, ஹலோ" என்று பின்வாசல் படிக்கு ஓட வேண்டும். ஒரு முறை 28 நாளுக்குப் போட்டு, வீடு, அலுவலகம், போகும் வழி, சொந்த ஊர் எல்லா இடத்திலும் பார்த்துவிட்டு அப்புறம் நீண்ட காலத்துக்குப் போங்கள். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் கூடுதல் செலவு நூறு ரூபாய்கூட வராது.

மாறுவதே முடிவென்றால்: போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் தட்டி 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வரும் குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். இப்போதுள்ள நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

நிறுவனமே மூடிவிட்டால்?

சிரிக்காதீர்கள், தமிழ்நாட்டில் நடந்ததுதான். ஏர்செல் ஒரு காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் போய், அந்த மாதக் கடைசியில் திவால் மனு போட்டது. போர்ட் குறியீடு வாங்கக்கூட எஸ்எம்எஸ் போகாமல் ஜனம் அலைந்தது. அதேபோல் நாளை நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கடன் பற்றி நாளிதழின் வணிகப் பக்கத்தில் வாராவாரம் வந்துகொண்டிருந்தால், அங்கே வருடத்துக்குப் பணம் கட்ட எனக்குக் கை வராது.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் தினம் 2 ஜி.பி. எதற்கு?

எதற்குமே இல்லை. பல வருடம் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தோம். இணையம் என்றால் என்னவென்றே தெரியாத போனுக்கு இணையத்தோடு சேர்த்துப் பணம்.

2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும், இத்தகைய சிறப்புத் திட்டங்களின் வேலிடிட்டி 90 நாளுக்குப் பதில் 365 நாள் வரை போகலாம் என்றது. அடுத்த மாதமே திட்டங்கள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

கவனித்துப் பாருங்கள். ஜியோவில் 448 ரூபாய்த் திட்டத்தை நான்கு முறை போட்டால் அதே 336 நாள், 1,792 ரூபாய். நீண்ட திட்டத்துக்கு நீங்கள் பெறும் தள்ளுபடி 44 ரூபாய். ஏர்டெல்லில் நாள் கணக்குப் போட்டால் சுமார் 190 ரூபாய் மிச்சமாகும்.

ஆனால் பெரியவர்கள் விஷயத்தில் நான் பைசாவை முதலில் பார்ப்பதில்லை. தனியாக ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு வேலிடிட்டி முடிந்தது தெரியாது. வந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்திருக்க மாட்டார்கள். நாம் அழைக்கும்போது கிடைக்காது, பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு அழைப்போம். அந்த ஒரு பதற்றத்தைத் தவிர்க்க 44 ரூபாய் தள்ளுபடி கொடுக்காமல் 44 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கட்டிவிடுவேன்.

அவர் தொடுதிரை போனில் வாட்ஸ்அப் பார்ப்பவர் என்றால் இந்தத் திட்டம் வேண்டாம். பேரன் படம் வரவில்லை என்று தினம் ஒரு அழைப்பு வரும்.

எனக்கு எவ்வளவு டேட்டா தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியில் கடந்த மாதம் எவ்வளவு செலவானது என்று இருக்கும். முப்பதால் வகுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அரை ஜி.பி.கூட வராது. வருடத் திட்டத்தில் தினம் 2.5 ஜி.பி. என்று பெருமையாகச் சொன்னாலும், அன்று செலவாகாதது நள்ளிரவோடு போய்விடும், மறுநாளுக்குச் சேராது. கூட்டிப் பார்த்து "912 ஜி.பி." என்று மயங்குவதில் பொருள் இல்லை.

இன்னொன்று. 2024 ஜூலைக்குப் பிறகு, தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களில்தான் அளவில்லாத 5ஜி கிடைக்கும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பு வைத்தன. உங்களிடம் 5ஜி போன் இருந்து, வீட்டிலும் 5ஜி சிக்னல் நன்றாக இருந்தால், 2 ஜி.பி.யா 2.5 ஜி.பி.யா என்ற கேள்வியே எழாது. 4ஜி போன் வைத்திருப்பவர் 5ஜிக்காகப் பெரிய திட்டம் போடுவது, கார் இல்லாதவர் பார்க்கிங்குக்கு வாடகை கொடுப்பது போல.

போன் தொலைந்துவிட்டால் திட்டமும் போய்விடுமா?

போகாது. திட்டம் எண்ணோடு ஒட்டியது, பிளாஸ்டிக் சிம்மோடு அல்ல. மாற்று சிம் வாங்கினால் மீதி நாள் அப்படியே இருக்கும். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் செய்ய முடியாது, 2024 ஜூலை முதல் இந்த விதி.

தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டால்?

என் மைத்துனர் செய்தார். கடைசி இலக்கம் 6க்குப் பதில் 9. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு வருடம் இலவசம். வாடிக்கையாளர் சேவையில் இரண்டு நாள் மன்றாடியும் ரீசார்ஜ் ஏறிய பிறகு திருப்ப முடியாது என்றார்கள். 349 ரூபாய் என்றால் சாபம் விட்டு மறந்திருப்பார். வருடத் தொகை என்பதால் இன்றுவரை சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வருகிறது. பெரிய தொகை போடும்போது எண்ணைத் தட்டாமல், தொடர்புப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

கூடவே வரும் ஓடிடி சந்தாவை மதிப்பில் சேர்க்கலாமா?

ஏற்கெனவே பணம் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும். அதிலும் போனில் மட்டும் பார்க்கக்கூடியதா, எத்தனை மாதம் என்று படியுங்கள். திட்டம் ஒரு வருடம், சந்தா மூன்று மாதம் என்று இருப்பதுண்டு.

வெளிநாடு போகிறேன், எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருந்தால் போதும்.

பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், 90 நாள் பயன்படுத்தாவிட்டாலும் எண்ணைப் பறிக்கக் கூடாது. முப்பது நாளுக்கு 20 ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. எண் பிழைக்கும். ஆனால் திட்டம் இல்லாத எண்ணுக்கு அழைப்பும் வங்கி ஓடிபியும் வந்து சேரும் என்ற உறுதி அதில் இல்லை. ஓடிபி முக்கியம் என்றால் பேச்சு மட்டும் உள்ள வருடத் திட்டத்தைப் போட்டு, புறப்படும் முன் ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போங்கள். அங்கிருந்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேதி நினைவு வைத்திருப்பது நடக்காத காரியம்.

கடைசியில் நீங்கள் என்னதான் போட்டிருக்கிறீர்கள்?

அம்மாவுக்குப் பேச்சு மட்டும், 365 நாள். எனக்கும் வீட்டிலிருப்பவருக்கும் 84 நாள், ஒரே நாளில் முடியும்படி. கல்லூரி கடைசி வருடத்தில் இருக்கும் மகளுக்கும் 84 நாள்தான். வேலை எந்த ஊரில் கிடைக்கும், அங்கே எந்த சிம் எடுக்கும் என்று இன்னும் தெரியாது. ஐந்தாவது சிம் வங்கிக் கணக்கோடு இணைத்த பழைய எண், அதற்கும் பேச்சு மட்டும் உள்ள வருடத் திட்டம். அம்மா இப்போதும் காலண்டரில் வட்டம் போடுகிறார், சிலிண்டர் பதிவு செய்த தேதிக்கு.